நிறுத்தாம வாசி

என் வயதுக்காரர்களே, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் அப்பாவின் பெயரைச் சொன்னதும் கார் ஓட்டுபவர் கண்ணாடி வழியாக உங்களை இன்னொரு தரம் பார்த்ததுண்டா? எனக்கு உண்டு. இப்போதும் உண்டு. கைப்பேசியில் அழைத்த காரில் ஏறுகிறேன். ஓட்டுபவர் நம் ஆள். பேச்சு கோலாலம்பூரில் நான் வளர்ந்த பிரிக்பீல்ட்ஸுக்கு வருகிறது. எந்தத் தெரு, எந்த வீடு, யார் மகள் என்று ஒவ்வொரு படியாக இறங்குகிறது. பொய் சொல்லப் பழகியிருக்கிறேன். ஆனால் மூக்கு காட்டிக்கொடுத்துவிடும். அது அப்பாவின் மூக்கு. அத்தனை வருடம் பத்திரிகைகளில் வந்த மூக்கு.

"அடடே, நாற்காலியோட மவளா நீங்க? தப்பா நெனைச்சுக்காதீங்க அக்கா, வாயில வந்துருச்சி."

தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. கட்சிக் கூட்டமொன்றில் ஒரு நாற்காலி பறந்தது. மறுநாள் பத்திரிகைப் படத்தில் அது இன்னும் காற்றில்தான் இருந்தது. கீழே அப்பா, விரிந்த கையோடு. நாற்காலி அவர் கையைவிட்டுப் போகிறதா, கைக்கு வருகிறதா என்று அந்தப் படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது என்பது அம்மாவின் கட்சி. இதை அவள் சிரிக்காமல் சொல்வாள். ஊர் வேறு மாதிரி முடிவு செய்துவிட்டது. பள்ளி பஸ்ஸில் நான் ஏறினால் பின்சீட்டுப் பையன்கள், "ஒக்காரு, ஒக்காரு, நாற்காலி வருது" என்பார்கள். நானும் உட்கார்வேன். வேறு என்ன செய்வது, நின்றுகொண்டா வர முடியும்?

நான் ஜாஸ் பியானோ வாசித்துப் பிழைப்பவள். ஹோட்டல் கூடங்களில், கல்யாண விருந்துகளில், சில வருடம் கப்பலில், சில வருடம் பேங்காக்கில், இப்போது மறுபடி இங்கே. கட்சித் தலைவர் வீட்டுத் தமிழ்ப் பெண் எப்படி ஜாஸுக்கு வந்தாள் என்று பேட்டியெடுப்பவர்கள் தவறாமல் கேட்பார்கள். ரேடியோ கேட்டு வளர்ந்தேன் என்று ஒரு பதில் வைத்திருக்கிறேன். நல்ல பதில். மழை, ரேடியோ, தனிமையான சிறுமி. எழுதுகிறவர்களுக்குப் பிடிக்கும். எங்கள் வீட்டு ரேடியோவில் செய்தியைத் தவிர வேறெதுவும் கேட்க விடமாட்டார்கள் என்பதுதான் உண்மை. என் ஜாஸ் ஒரு கதவுக்குப் பக்கத்தில் பிறந்தது.

ஒரு பொதுத்தேர்தலுக்கு முந்தைய மழைக்காலம் அது. எனக்குப் பதினொரு வயது. மூடிப்போன ஒரு தோட்டத்துத் துரைமார் கிளப்பிலிருந்து பியானோ ஒரு லோரியில் வந்து இறங்கியது. அனுப்பியவர் வெள்ளைக் கார் அங்கிள். குத்தகை வேலை எடுத்துச் செய்கிறவர், அப்பாவின் நண்பர், எங்கள் வாசலில் அடிக்கடி நின்ற வெள்ளைக் காருக்குச் சொந்தக்காரர். "பாப்பா படிக்கட்டும் தலைவரே" என்றார். அப்பாவை எல்லோரும் தலைவர் என்றுதான் அழைத்தார்கள். அம்மாகூட. ஆரம்பத்தில் கேலியாக "தலைவர் சாப்பிட வரீங்களா?" என்று கேட்டிருப்பாள் போல. எனக்கு விவரம் தெரிந்தபோது கேலி தேய்ந்து பெயர் மட்டும் மிஞ்சியிருந்தது.

அந்தப் பியானோவை இப்போது நினைத்தால் முதலில் வாசனைதான் வருகிறது. சுருட்டு, ஈரக் கம்பளி, பழைய சாராயம். மேல்பலகையில் யாரோ துரை வைத்துவிட்டு மறந்த சிகரெட் எரித்த தழும்பு. கடைசி ஸ்வரக் கட்டையின் தந்தம் கழன்றுபோய், பால்பல் விழுந்த ஈறு மாதிரி மரம் தெரிந்தது. நம் ஊர்ப் புழுக்கத்தில் கம்பிகள் துருப்பிடிக்காமல் இருக்க, உள்ளே ஒரு சிறிய பல்பு பகலும் இரவும் எரிந்துகொண்டிருந்தது. அடிப்பலகையின் இடுக்கு வழியாக மஞ்சள் வெளிச்சம் ஒரு கோடாகத் தரையில் விழும். உள்ளே யாரோ ஒரு பிள்ளை உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவதுபோல இருக்கும். அந்தச் சூட்டுக்குப் பல்லிகள் வந்து முட்டையிட்டன. சில நாள் நான் ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு பல்லி ஓடும். அதுதான் என் முதல் வாத்திய கோஷ்டி.

ஜன்னலோரம் வைக்க அம்மா இடம் பண்ணியிருந்தாள். அப்பா வேண்டாமென்றார். கூடத்துக்கும் அவருடைய உள்ளறைக்கும் நடுவில் இருந்த கதவை ஒட்டி வைக்கச் சொன்னார். பாதிக் கதவை அது மறைத்தது. உள்ளே போகிறவர்கள் உடம்பை ஒருக்களித்துத்தான் போக வேண்டும். பியானோ சொல்லிக்கொடுக்க வந்த டீச்சர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். முதல் நாளே முகம் சுளித்தார்.

"கதவடியில ஏன் வைச்சிருக்கிறியள்? காத்துப் பட்டா மரம் பழுதாப் போயிடுமெல்லே."

அப்பா சிரித்தார். "அங்க வச்சாதான் டீச்சர் எனக்கு நல்லாக் கேக்கும்."

இந்த ஒரு வாக்கியத்தை அம்மா வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். வருகிறவர், போகிறவர், கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்தவர், எல்லோரிடமும். "அவருக்கு இவ வாசிப்புன்னா உயிரு. தன் ரூமு கதவுலேயே பியானோவ வச்சுக்கிட்டாரு."

எங்கள் கூடத்தில் எப்போதும் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் கிடக்கும். மனுக் கொடுக்க வருகிறவர்களுக்கு. பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள், மகனுக்கு வேலை கேட்பவர்கள், போலீஸில் மாட்டியவர்களின் அம்மாக்கள். அம்மா எல்லோருக்கும் மைலோ கலக்கிக் கொடுப்பாள். வெள்ளைக் கார் அங்கிள் மட்டும் உட்கார மாட்டார். நேரே ஒருக்களித்து உள்ளே போவார். பிறகு கதவு கொஞ்சம் திறக்கும். அப்பாவின் முகம் பாதி தெரியும்.

"பாப்பா, ஒன்னு எடுத்து விடு. நிறுத்தாம வாசி."

என்ன பெருமை எனக்கு. ஊரே பார்த்துப் பயப்படுகிற ஆள், தன் வேலையை ஆரம்பிக்கும் முன் என்னிடம் பாட்டுக் கேட்கிறார். எனக்குத் தெரிந்தது பரீட்சைக்கான இரண்டே பாடங்கள். இரண்டும் வாசித்தால் வாயில் போட்ட மிட்டாய் கரைவதற்குள் முடிந்துவிடும். முடிந்து கையை எடுத்தேனோ இல்லையோ, கதவு திறக்கும். "என்னாச்சி?" அந்தக் கேள்வியில் கோபமில்லை. ஆனால் ஒரு அவசரம் இருந்தது. அந்த அவசரத்தை நான் ஆசை என்று எடுத்துக்கொண்டேன்.

அதனால் முடிக்காமல் இருக்கக் கற்றேன். முடிவு நெருங்கும்போது வேறு பக்கம் திரும்பிவிடுவேன். இடது கை நின்றால்தானே பாட்டு நிற்கும், அதை நிறுத்தாதே என்று கண்டுபிடித்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரயில் பெட்டிகளைக் கோத்துப் பிரிப்பார்கள். அந்தத் தடதடப்பை இடது கைக்குக் கொடுத்தேன். வலது கை ஊர் சுற்றப் போகும். கோயில் ஒலிபெருக்கி நாதஸ்வரத்தில் ஒரு துண்டு, ரொட்டிக்காரரின் ஹாரனில் ஒரு துண்டு, பஸ் பையன்கள் என்னைக் கேலி செய்த ராகத்தில் ஒரு துண்டு. திருடிக்கொண்டு வந்து பரீட்சைப் பாடத்துக்கு நடுவில் ஒளித்துவைக்கும். சில நாள் பாடத்துக்கு வழி தெரியாமல் போய்விடும். போனால் போகிறது. கதவு திறக்காமல் இருந்தால் சரி.

டீச்சர் ஒரு நாள் வழக்கமான நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். வெள்ளைக் கார் வாசலில் நின்றிருந்தது. நான் வாசித்துக்கொண்டிருந்தேன். குடையை மடக்கியபடி கொஞ்ச நேரம் கேட்டார்.

"உதென்ன பிள்ளை? சோதனைக்கும் உப்பிடியோ வாசிக்கப் போறீர்?"

"அப்பாவுக்குப் பிடிக்கும் டீச்சர்."

அவர் என்னைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். கதவில் என்ன பார்த்தாரோ. கைப்பையின் கொக்கியை இரண்டு தரம் திறந்து மூடினார். மறுவாரம் முதல் அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை, நான்தான் அவர் வீட்டுக்குப் போகவேண்டி வந்தது. டீச்சருக்குத் தலைக்கனம் என்றாள் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பம் இருந்தது, குடியிருப்பை இங்கே அப்படித்தான் சொல்வோம். பலகை வீடுகள், தகரக் கூரைகள், ஒவ்வொரு வாசலிலும் பெயிண்ட் டின்னில் ஒரு மல்லிகைச் செடி. ரயில்வே வேலைக்கு வந்தவர்களின் பேரன் பேத்திகள் குடியிருந்தார்கள். நிலம் அவர்களுடையது இல்லை. அந்த இடத்தில் அடுக்குமாடி எழுப்பப் போகிறார்கள், எல்லோரையும் காலி செய்யப் போகிறார்கள் என்று அந்த மழைக்காலம் முழுக்கப் பேச்சு. இருக்கலாமா, போகணுமா? அப்பாவிடம் அவர்கள் கேட்டதெல்லாம் அந்த ஒரு கேள்விதான். நான் இருக்கிறேன், பயப்படாதீர்கள் என்று அப்பா ஒவ்வொரு தடவையும் சொன்னார்.

அந்தக் கம்பத்தில் ஒரு அக்கா இருந்தார். கட்சிக்கு மாலை கட்டுபவர். அப்பாவின் கூட்டங்களுக்கெல்லாம் அவர் கையால்தான் மாலை. வாழை இலையில் சுற்றி, ஈரம் சொட்டச் சொட்டத் தோளில் போட்டுக்கொண்டு வருவார். கூடத்துக்குள் அவர் நுழைந்தால் பியானோவின் சுருட்டு வாசனை தோற்றுப்போகும். அவர்தான் கம்பத்தில் ஒரு செய்தியைப் பரப்பிவிட்டிருந்தார்.

"பியானோ சத்தம் கேட்டா ஒடனே போயிருங்க. பிள்ள வாசிக்குதுன்னா தலைவர் நல்ல மூட்ல இருக்காருன்னு அர்த்தம். அப்பக் கேட்டாதான் காரியம் ஆவும்."

தண்டவாளத்தைத் தாண்டி என் சத்தம் கேட்டிருக்கிறது. நான் ஆரம்பித்ததும் கம்பத்திலிருந்து ஆட்கள் கிளம்பி வருவார்கள். தாத்தாக்கள், கைப்பிள்ளைக்காரிகள், வேலைக்கு மட்டம் போட்டவர்கள். நாற்காலிகள் நிறையும். மைலோ டின் காலியாகும். ஆட்கள் நிறைய நிறைய, உள்ளே இருந்து அப்பாவின் குரல் வரும்: "பாப்பா, கொஞ்சம் சத்தமா." நான் இன்னும் சத்தமாக வாசிப்பேன். அது இன்னும் தூரம் கேட்கும். இன்னும் நான்கு பேர் வருவார்கள். ஒரு நாள் அப்பா தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கி என்ன, ஊரே கெளம்பி வந்துருச்சி?" என்றார். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. வந்த சிரிப்பு நடுவில் எங்கேயோ நின்றுவிடுகிறது.

அப்பாவின் பிறந்தநாள் வந்தது. பெரிய மழை. அக்கா ஆளுயர மாலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். ரோஜாவும் சம்பங்கியும், நடுநடுவே ஜரிகை. கம்பத்து ஆட்கள் பாதிக் கூடம். காது மந்தமான ஒரு தாத்தா முன்வரிசையில் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அப்பாவும் வெள்ளைக் கார் அங்கிளும். நான் வாசித்துக்கொண்டிருந்தேன். நன்றாகவே வாசித்துக்கொண்டிருந்தேன் என்று நினைவு. இடது கையில் ரயில் ஓடியது.

பியானோவுக்குள் பல்பு வெடித்தது.

பட்டென்று ஒரு சத்தம். தரையில் இருந்த மஞ்சள் கோடு அணைந்தது. பயத்தில் இரண்டு கையையும் எடுத்துவிட்டேன். மழைகூட அந்த நொடி பார்த்துக் கொஞ்சம் தணிந்தது போல இருந்தது. பாதி மூடிய கதவு வழியாக அப்பாவின் குரல், என்னிடம் பாட்டுக் கேட்கிற அதே பிரியமான குரல், தெளிவாக வந்தது.

"எலெக்‌ஷன் முடியட்டும்பா. ஓட்டு விழுந்த மறுவாரம் உன் லோரிய அனுப்பு. நம்ம ஆளுங்கதானே. நான் ஒரு வார்த்த சொன்னா பேசாம ஏறிக்குவாங்க."

யாரோ மைலோ டம்ளரைத் தரையில் வைத்தார்கள். தாத்தா பக்கத்தில் திரும்பி, "என்னா சொல்றாரு?" என்று கேட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்னும் இல்ல" என்றார் தாத்தாவிடம். பிறகு என்னிடம், "பாப்பா, வாசி."

"பல்பு வெடிச்சிருச்சி அக்கா."

"வெடிச்சா வெடிச்சிட்டுப் போவுது. நீ நிறுத்தாம வாசி."

வாசித்தேன். கதவு ஏன் அங்கே, பியானோ ஏன் அங்கே, நான் ஏன் அங்கே என்பதெல்லாம் விரல்களுக்கு முதலில் தெரிந்தது. அப்புறம்தான் எனக்கு. சமையலறையில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. அம்மாவின் காதில் எதுவும் விழவில்லை. கொஞ்ச நேரத்தில் அப்பா வெளியே வந்து கும்பிட்டார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். அக்கா வாழை இலையைப் பிரித்து, அந்த மாலையை எடுத்து, எக்கி அவர் கழுத்தில் போட்டார். யாரோ கைதட்டினார்கள். "கவலைப்படாதீங்க, நான் இருக்கேன்ல" என்றார் அப்பா. அவருக்கு நான் நிறுத்தியது தெரியவே தெரியாது. பேச்சு சுவாரஸ்யத்தில் கவனித்திருக்க மாட்டார்.

அக்காவுக்குச் சரியாகக் கேட்டிருக்காது என்று முடிவு செய்தேன். கேட்டிருந்தால் மாலை போட்டிருப்பாரா? என்னை வாசிக்கச் சொல்லியிருப்பாரா? அந்த முடிவைப் பிடித்துக்கொண்டு பல வருடம் ஓட்டினேன்.

அப்பா ஜெயித்தார். லோரிகள் வந்தன. பள்ளி பஸ்ஸிலிருந்து பார்த்தேன். கட்டில், அலமாரி, சாமிப்படம், பெயிண்ட் டின்னில் மல்லிகை. பின்சீட்டுப் பையன்கள் அன்று ஒன்றும் சொல்லவில்லை. அவர்களில் ஒருவன் அந்தக் கம்பத்துப் பையன். கிள்ளான் பக்கம் ஒட்டுப் பலகையில் வரிசையாகக் கட்டிய தற்காலிக வீடுகளுக்கு ஏற்றிப் போனார்கள். மூன்று மாதத்தில் அடுக்குமாடி வீடு தருவதாகச் சொன்னார்கள். என் வயதுப் பிள்ளைகள் அந்தப் பலகை வீடுகளிலேயே வளர்ந்து, அங்கிருந்தே கல்யாணமாகிப் போனார்கள்.

பல வருடம் கழித்து ஒரு சஞ்சிகையில் என்னைப் பற்றி எழுதினார்கள். மௌனத்துக்கு இடமே கொடுக்காத இடது கை என்று. பாராட்டுத்தான். எனக்குக் காது சூடாகிவிட்டது, யாரோ என் ஜட்டியைக் கொடியில் பார்த்துவிட்டதுபோல. கூட வாசிக்கிற சாக்ஸபோன் தம்பி இதையே வேறு விதமாகச் சொல்வான். "அக்கா, கொஞ்சம் கேப் விடு லா. நானும் மூச்சு விடணும்." எனக்கு வராது. கை நின்றால் ஏதோ கதவு வழியாகக் குரல் வந்துவிடும் என்று இந்த வயதிலும் முதுகு காத்திருக்கிறது. ஹோட்டல் கூடத்தில், எனக்குப் பின்னால் சோபாக்களில் சட்டை மடிப்புக் கலையாத ஆண்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் வாசித்துக்கொண்டிருப்பேன். தொழிலே அதுதான்.

அப்பா சென்ற வருடம் போனார். படுக்கையில் ஆறு மாதம். கடைசியில் யாரையும் அடையாளம் தெரியவில்லை. ஆனால் என்னைப் பார்த்தால் மட்டும் விரலால் மெத்தையைத் தட்டுவார். "பாத்தியா, வாசிக்கச் சொல்றாரு" என்று அம்மா அழுவாள். அறையில் பியானோ இல்லை. நான் அவர் கையைப் பிடித்து, தட்டுவதை நிறுத்துவேன். அம்மாவிடம் நான் சொன்னதே இல்லை. எல்லாம் கெட்டுப்போன ஒரு மனிதரிடமிருந்து அவள் பத்திரமாக எடுத்துவைத்திருந்தது அந்த ஒன்றுதான்: ஊர் என்ன சொன்னாலும், மகளின் வாசிப்பைக் கேட்கக் கதவோரம் பியானோ வைத்தவர். அதை நான் எடுத்துவிட்டால் ஐம்பது வருடக் கல்யாணத்தில் அவளுக்கு மிஞ்சுவது ஒரு நாற்காலி.

வருட நினைவுக்கு பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் ஏற்பாடு செய்தார்கள். பாப்பா வாசிக்க வேண்டும் என்றார்கள். படத்துக்கு மாலை சொல்லிவிட்டு வா என்று அம்மா என்னை அனுப்பினாள். புடவைக் கடைகளுக்கு நடுவில் ஒரு பூக்கடை. அந்த அக்கா இன்னமும் கிள்ளானிலிருந்து ரயிலில் வந்து கட்டிக்கொண்டிருந்தார். தலை பஞ்சு. விரல் கணுக்கள் வீங்கி, நாரை இழுக்க இப்போது பல்லும் உதவி செய்தது.

"அளவு சொல்ல வேணாம்" என்றார். "அவருக்குத் தோள் அகலம்."

"படத்துக்குத்தான் அக்கா."

"ஓ. படத்துக்கா." கொஞ்ச நேரம் நாரை நனைத்தார். "நீ வாசிக்கப் போறியாம்?"

"தெரியல."

"வாசிச்சா மெதுவா வாசி. சத்தம் கேட்டா கம்பத்து ஆளுங்க வந்துருவாங்க."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அங்கேயே, பக்கத்தில் ஒருத்தி கனகாம்பரம் பேரம் பேசிக்கொண்டிருக்க, கேட்டுவிட்டேன். "அன்னிக்கி பல்பு வெடிச்சப்ப, அப்பா பேசினது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"எல்லாருக்கும்தான் கேட்டுச்சு. தாத்தாவுக்குத்தான் கேக்கல. அது லோரியில ஏறுற வரைக்கும் தலைவர் காப்பாத்துவாருன்னு சொல்லிக்கிட்டிருந்துச்சு."

"அப்புறம் ஏன் மாலை போட்டீங்க?"

"கட்டிட்டேனே பாப்பா. ஆளுக்குன்னு அளவு வச்சுக் கட்டினது. அத சாமிக்கா போட முடியும்?"

"என்னை ஏன் வாசிக்கச் சொன்னீங்க?"

அவர் கை நிற்கவில்லை. ஒரு ரோஜா, ஒரு முடிச்சு. "எங்களுக்குக் கேட்டது கேட்டதுதான், இனிமே கேட்டா என்னா கேக்காட்டி என்னா. ஒன் மூஞ்சியப் பாத்தேன். அவரு இன்னும் என்னென்ன பேசுவாரோ. பெத்த பிள்ள அத ஒக்காந்து கேக்கணுமா?"

அவர் மாலைக்குத் தண்ணீர் தெளித்தார். என் கையிலும் தெறித்தது. வெட்கம் என்பது முகத்தில் வருவது என்று நினைத்திருந்தேன். அன்று அது கால் வழியாக ஏறியது. எத்தனையோ வருடம் கழித்துத் தெரிகிறது: வீட்டை இழக்கப் போகிறோம் என்று தெரிந்த அதே நொடியில் ஒரு மனுஷி, இழக்கவைக்கிறவரின் மகளுக்காக இரக்கப்பட்டிருக்கிறார். அதைக்கூட நான் அவருடைய காது மந்தம் என்று எழுதிவைத்திருந்தேன்.

பேச்சு நடக்கும்போது பின்னணியில் மெதுவாக ஏதாவது வாசிக்கச் சொன்னார்கள் மண்டபத்தில். மாட்டேன் என்றேன். எல்லாம் முடிந்தபிறகு ஒரே ஒரு பாட்டு, அவ்வளவுதான். யார் பேசினாலும் அவர்கள் பேச்சு நன்றாகக் கேட்கட்டும். அதுவரை கை மடியில் இருக்கும். இந்த வயதில் நான் எடுத்த ஒரே துணிச்சலான முடிவு. என் துணிச்சல் யாரைச் சுடும் என்று யோசிக்கவில்லை.

அம்மா முன்வரிசையில் வெள்ளைப் பட்டில். அக்கா தானே மாலையைக் கொண்டுவந்து படத்துக்குப் போட்டுவிட்டு ஓரமாக நின்றார். வெள்ளைக் கார் அங்கிள் பேச வந்தார். கைத்தடி, நடுக்கம். ஆனால் குரல் அப்படியே இருந்தது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பிரியத்தில்தான் சொன்னார்.

"நம்ம தலைவர் மாதிரி கெட்டிக்காரன் கெடையாது. ரகசியம் பேசணும்னா எங்க போவாரு தெரியுமா? எங்கயும் போவ மாட்டாரு. வீட்டுல வச்சுத்தான். கதவுல பியானோ, பாப்பாவ வாசின்னுருவாரு. வெளிய முப்பது பேரு ஒக்காந்திருப்பான், ஒருத்தனுக்கும் ஒரு மண்ணும் கேக்காது. அந்தப் பியானோவே நான் குடுத்ததுதான் லா. எங்களுக்கும் வேல ஆச்சி, பாப்பாவுக்கும் படிப்பு ஆச்சி."

மண்டபம் சிரித்தது. நல்ல சிரிப்பு. நாற்காலிகள் குலுங்கின. அம்மாவும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள், பாதிதான் காதில் வாங்கியிருப்பாள். பிறகு மீதியும் உள்ளே போனது. சிரிப்பு முகத்திலேயே இருந்தது, எடுத்துவைக்க மறந்தவள்போல. அந்தச் சிரிப்போடு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை. பார்த்தாள். நான் தலையைக் குனிந்தேன். அது போதும், பதில் போய்ச் சேர்ந்துவிட்டது.

அங்கிள் விடவில்லை. "இன்னொன்னு சொல்றேன் கேளுங்க, ஒரு நாளு அந்தக் கம்பத்து விஷயம் பேசறப்ப..."

படத்தில் சரியாகவே இருந்த மாலையைச் சரிசெய்வதுபோல அக்கா என் பக்கம் வந்தார். ஈரமும் சம்பங்கியும் மணத்தன. குனியாமல், என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"பாப்பா, வாசி."

வாசித்தேன். மெதுவாக இல்லை. கதவோரம் வாசித்த அதே சத்தத்தில், இடது கையில் ரயிலோடு. அங்கிளின் வாய் அசைந்துகொண்டிருந்தது, சொல் எதுவும் வரவில்லை. சிரித்தவர்கள் இது நிகழ்ச்சியில் உள்ளதுதான் போல என்று கைகட்டி உட்கார்ந்தார்கள். அங்கிள் கொஞ்ச நேரம் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். மறைக்கக்கூடாது என்று வந்தவள், அப்பாவின் வேலையை அப்பாவின் படத்துக்கு முன்னாலேயே மறுபடி செய்துகொண்டிருந்தேன். அதில் எனக்கு வெட்கம்தான். இன்னும் இருக்கிறது. ஆனால் நிறுத்தவில்லை, அம்மா கேட்கக்கூடாதது இன்னும் மிச்சமிருந்தது.

அப்புறம் ஓரிடத்தில், நான் நினைத்துச் செய்யவில்லை, இடது கை நின்றது. தானாக. ஒரு மூச்சு நேரம். யார் குரலும் வரவில்லை. மின்விசிறி சுற்றியது. முன்வரிசையில் அம்மா மூக்கை உறிஞ்சினாள். அது எனக்குக் கேட்டது.

கேட்டுவிட்டு, மறுபடி தொடங்கினேன்.